கருவாட்டின் மேல் ஜவ்வாது

என் மகள் வெளியே கிளம்புவதற்கு முன் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். முதலில் ஒரு கிரீம். அது காய்ந்ததும் ஒரு பாட்டிலிலிருந்து கழுத்தில் இரண்டு அடி. அதற்கு மேல் மணிக்கட்டில் இன்னொரு பாட்டில். என்ன இது என்று கேட்டால், "லேயரிங்மா. கடையில விக்கிற சென்ட் எல்லார்கிட்டயும் இருக்கும். இப்படி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அது என் வாசனை, எனக்கு மட்டும்தான்" என்கிறாள். போன வாரம் நம் பழைய வகுப்பின் போன் குழுவில்கூட யாரோ இதைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எப்படியெல்லாம் தோன்றுகிறது பார் என்று ஆளாளுக்கு வியந்துகொண்டீர்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஏனென்றால் இதை நான் ஏழாம் வகுப்பிலேயே செய்தேன். நீங்கள் அத்தனை பேரும் முகர்ந்தீர்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன். பழசை எதற்குக் கிளறுகிறாய் என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நான் கிளறத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும், உள்ளே வந்தவர்கள் யாரும் இல்லை. பஜார் கடைசியில் தகரக் கூரை போட்ட கருவாட்டுக் கடை, அதன் பின்னால் இரண்டு அறை. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மூட்டை வரும். நெத்திலி, வாளை, சுறா, சென்னாகுன்னி. என் நைனா சைக்கிளில் கட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டை, கனகம்மாசத்திரம் என்று சந்தை சந்தையாகப் போவார். திரும்பி வந்ததும் குளிப்பார், நெற்றி நிறைய விபூதி பூசுவார். மாதக் கிருத்திகைக்கு அவர் கருவாட்டைக் கையால் தொடமாட்டார். கடையைச் சாத்திவிட்டு மலைக்குப் போய்விடுவார். முருகன்மேல் அவருக்கு இருந்த பக்தி, மலையடிவாரத்தில் விபூதியும் ஜவ்வாதும் விற்றவர்களுக்கு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த வருஷம் ஆடி பிறந்த அன்று பூசைக்கடைக்காரர் மகள் மாலை போட்டுக்கொண்டு, மஞ்சள் பாவாடையில் வகுப்புக்கு வந்தாள். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டுதல். அடிவாரத்திலேயே பெரிய பூசைக்கடை அவள் அப்பாவுடையது. அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், இதையும் படிப்பாள். நம் டீச்சர் அவளை ஜன்னலோர முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாலை போட்ட பொண்ணு இருக்கிற இடத்துல கருவாட்டு வாசனை ஆகாது. ஆடி முடியற வரைக்கும் நீ வராண்டாவுல உக்காரு. பாடம் காதுல விழும் இல்ல, அது போதும்."

நான் எழுந்திருக்கவில்லை. அப்போது உங்களில் ஒருத்தி என் புத்தகப் பையைக் கையால் தொடாமல் குடைக் காம்பால் மாட்டித் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தாள். எல்லோரும் சிரித்தீர்கள். குடை யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வராண்டாவிலிருந்து பார்த்தால் கரும்பலகை தெரியாது. கணக்குப் பாடம் காதில் விழுந்து என்ன பிரயோஜனம்? வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெளிய உக்காந்து படிக்கிறதுக்கு, கடையில உக்காந்து எடை போடட்டும். ஆடி முடிஞ்சா ஆவணியில இன்னொண்ணு சொல்லுவாங்க. இவ படிச்சு கிழிச்சது போதும், நிறுத்திடு." அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு இருந்தது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். நைனா, "நான் போயி பேசறேன் இரு" என்றார்.

மறுநாள் காலையில் அவர் வெந்நீர் வைத்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் கழுத்திலும் கையிலும் தடவிக்கொண்டார். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். டீச்சர் வெளியே வந்தார், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

"டீச்சரம்மா, பாப்பாவ உள்ள உக்கார வைங்க. தினம் வெந்நி ஊத்தி குளிப்பாட்டிதான் அனுப்பறோம். ஒரு வாசனையும் வராதுங்க."

"நீங்க அங்கயே நின்னு பேசுங்க. காத்து இந்தப் பக்கம் வீசுது."

நைனா பின்னால் நகர்ந்தார். டீச்சர் முந்தானையை எடுக்கவில்லை என்று இன்னும் பின்னால் நகர்ந்தார். ஜன்னலோரத்திலிருந்து பூசைக்கடைப் பெண்ணின் குரல் கேட்டது. "டீச்சர், ஜன்னல சாத்திடட்டுமா?"

"ஆங், சரிங்க, சரிங்க" என்று நைனா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். கேட்டைத் தாண்டும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சட்டைக் கையைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். நான் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது, கல்யாணம், பிள்ளைப்பேறு, ஆபரேஷன், எல்லாம். அந்த ஒன்றைப்போல் எதுவும் என்னை எரித்ததில்லை. அன்றைக்கே இரண்டு பேரை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

பழி வாங்குவது பிறகு. முதலில் உள்ளே போக வேண்டும். அதற்கு வாசனை வேண்டும்.

திருத்தணியில் வாசனைக்குப் பஞ்சம் கிடையாது. காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. பூசைக்கடையின் பின்புறம் குப்பைமேட்டில் ஜவ்வாது டப்பாக்கள் கிடக்கும். விளிம்பைச் சுரண்டினால் ஒரு சிட்டிகை தேறும். கவிழ்த்து வைத்தால் பன்னீர் பாட்டிலில் சொட்டு வரும். மொட்டை அடிக்கிற இடத்தில் சந்தனம் கரைத்த பேசின்களைச் சாயங்காலம் கழுவி ஊற்றுவார்கள், அதற்கு முன் வழித்துக்கொள்ளலாம். காவடிகளிலிருந்து உதிர்ந்த மரிக்கொழுந்து படியெல்லாம் கிடக்கும். வீட்டில் தேங்காயெண்ணெய், அதில் ஊறப்போட வெட்டிவேர்.

முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் குழைத்துப் பூசிக்கொண்டு போனேன். வராண்டாவைக் கடந்து போன உங்களில் ஒருத்தி நின்று கேட்டாள். "இன்னாடி, உங்க வூட்ல யாராச்சும் பூட்டாங்களா? சாவு வூட்டு வாசனை வருது." அதற்கும் சிரித்தீர்கள். சொன்னது நிஜம்தான், எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் நீங்கள் சிரித்ததைக் கழிக்க மாட்டேன், அதுவும் கணக்கில் சேரும்.

வராண்டாவில் தனியாக உட்காரவைத்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. நாள் முழுக்க என் கையை நானே முகர்ந்துகொண்டிருக்க வேறு யார் விடுவார்கள்? பிரேயர் முடிவதற்குள் பன்னீர் போய்விடும். மணியடித்து இடைவேளை வரும்போது ஜவ்வாது களைத்துவிடும். சந்தனம் சாப்பாட்டு வேளைவரை தாங்கும். வெட்டிவேர் தலையோடு ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை இருக்கும். எல்லாம் போனபிறகு அடியில் எங்கள் வீடு இருக்கும். ஆகவே ஒன்றாகக் குழைக்கக் கூடாது, ஒன்று காய்ந்தபின் ஒன்று வைக்க வேண்டும், ஓடிப்போகிறது மேலே, உட்கார்ந்திருக்கிறது அடியில். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் கண்டேன். அம்மா பூந்திக்கொட்டை போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துவிட்ட நாளில் எந்த வாசனையும் நிற்காது. கடையில் மூட்டை பிரிக்க ஒத்தாசை செய்துவிட்டு, அந்த உப்புக் கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வந்த நாளில் அதே சந்தனம் பிடித்துக்கொண்டு நின்றது. நின்றதோடு இல்லை, வேறாக ஆகிவிட்டது. உப்பும் சந்தனமும் சேர்ந்து ஒரு வெதுவெதுப்பு. அதன்மேல் ஜவ்வாது, மரிக்கொழுந்து, கடைசியில் பன்னீர். நான் மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். இது கடையில் இல்லை, கோயிலில் இல்லை, வேறு எவள்மேலும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மறுநாள் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தேன். இனி உங்களுக்கே ஞாபகம் வரும். டீச்சர் பாடத்தை நிறுத்தினார்.

"யாருக்காவது வாசனை வருதா?"

வந்தது, எல்லோருக்கும் வந்தது. விபூதி மாதிரி, சந்தனம் மாதிரி, அபிஷேகம் முடிந்த நேரம் மாதிரி என்று ஒவ்வொருத்தி ஒவ்வொன்று சொன்னீர்கள். நம் ஊரில் இடமில்லாத இடத்தில் அப்படி வாசனை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் பெஞ்சு பெஞ்சாக முகர்ந்துகொண்டு வந்து ஜன்னலோரம் நின்றார். மாலை போட்ட பெண் உட்கார்ந்திருந்த இடம் அது. "முருகா" என்று கண்ணை மூடினார். பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தார். யாரோ சூடம் கொண்டுவந்தீர்கள். பூசைக்கடைப் பெண் முதலில் முழித்தாள், பிறகு தலையைக் குனிந்து கையைக் கூப்பிக்கொண்டாள். ஜன்னல் கம்பிக்கு இந்தப்புறம் அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நான் இருந்தேன். ஒருவர் மூக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

ராஜ்யம் போனால்கூட விட்டுவிடலாம். என் வாசனையை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின் நான் டீச்சரிடம் போனேன். பூசைக்கடைப் பெண்ணும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், அது சாமி இல்ல. நான்தான். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிகினு வந்தேன். மோந்து பாருங்க." கையை நீட்டினேன்.

அவர் முகரவில்லை. பின்னால் நகர்ந்தார். "கைய கீழ போடு. கருவாட்டுக் கூடையில ஜவ்வாதா விளையுது? சாமி காரியத்துல பொய் சொன்னா நாக்கு அழுகிடும்." பிறகு என்ன தோன்றியதோ, இரக்கம் மாதிரி ஒரு குரலில் சொன்னார். "பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்லுவாங்க. அவ ஜன்னலோரம் உக்கார்றா இல்ல, அவ வாசனை உன்மேல கொஞ்சம் ஒட்டியிருக்கும்."

"பாவம் டீச்சர், ஆசைப்படறா" என்றாள் அவள்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. அந்தப் பாவத்தை நான் மறக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் பூசாமல் போனேன். சாமி வரவில்லை. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது, அவளுக்கு இன்னும் வாடிவிட்டது. பூசிக்கொண்டு போனேன், வந்துவிட்டார். அப்புறம் எனக்கு விளையாட்டாகப் போயிற்று. கணக்குப் பரீட்சை அன்று பார்த்து முருகனை வரவழைத்தேன். பரீட்சை நின்றது, திருப்புகழ் பாடினீர்கள். வாய்ப்பாடு தெரியாத பாதிப் பேர் அன்றைக்குத் தப்பியது என் தயவில்தான், இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். அவள் நடையே மாறிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆயா அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பூனைக்குக் காலம் பரணி அன்று வந்தது. மறுநாள் கிருத்திகை. டப்பா பொறுக்கப் பூசைக்கடைப் பின்புறம் போனேன். கிணற்றடிக் கொடியில் மஞ்சள் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. காவடித் தண்டு தோளில் அழுத்தாமல் இருக்க மடித்துப் போட்டுக்கொள்கிற துண்டு. அவளுடையது. வீட்டார் எல்லோரும் முன்பக்கம் காவடிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். நல்ல வாளைத் துண்டு ஒன்றை ஊறவைத்த தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். துண்டின் நடுவில், மடிப்பு வருகிற இடத்தில் அதைத் தேய்த்து வெயிலில் காயவிட்டேன். காய்ந்ததும் சந்தனம். அது காய்ந்ததும் ஜவ்வாது, டப்பா டப்பாவாகச் சுரண்டியது அத்தனையும். மேலே பன்னீர். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரத்தைக் கொடுத்தேன். என்மேல் எவ்வளவு ஒழுங்காக அடுக்குவேனோ அதைவிட ஒழுங்காக அடுக்கினேன். கடைசியில் முகர்ந்து பார்த்தேன், சாட்சாத் சாமி வாசனை.

கிருத்திகை அன்று காலையில் அவள் காவடியைத் தோளில் ஏற்றியபோது சுற்றி நின்றவர்கள் சிலிர்த்துப்போனார்கள். டீச்சர் பக்கத்திலேயே இருந்தார், நீங்களும் நிறையப் பேர் இருந்தீர்கள். "பாருங்க, இன்னைக்கு எப்படி வீசுது" என்று டீச்சர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தேன். அரோகரா போட்டேன். எல்லோரையும்விட உரக்கப் போட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். படியில் ஏறுகிறவர்கள் நகர்வதே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆந்திராவிலிருந்து வந்த காவடிகள் முன்னே மறித்துக்கொண்டு நின்றன. அவளுக்குத் தோளிலிருந்து வியர்வை வழிந்தது. பன்னீர் எப்போதோ போய்விட்டது. ஜவ்வாதும் போயிற்று. சந்தனம் கொஞ்ச நேரம் போராடியது. பிறகு வியர்வையில் உப்பு இளகியது.

முதலில் ஒரு மொட்டைத் தலைக்காரர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். டீச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கை முந்தானைக்குப் போயிற்று. அவளைச் சுற்றி மெல்ல இடம் விட்டது கூட்டம். அவளுக்கும் மூக்கு இருக்கிறதே, தன் தோளைத் தானே முகர்ந்துவிட்டு முகம் வெளுத்தாள். இதற்குத்தான் நான் காத்திருந்தேன். இனி சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி, என் நைனாவைப் பின்னால் தள்ளின மாதிரி.

காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாத பெண், வெயிலும் பயமும் சேர்ந்து கண் செருகி ஆடினாள். காவடியை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தில் ஒரு பெரியம்மா, பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டையோடு சந்தைக்கு வருகிறவள், முன்னே வந்து ஆழ்ந்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"இது முருகன் இல்லம்மா. ஆத்தா வந்துகீறா. ஆடி மாசம் கூழும் கருவாட்டுக் கொழம்பும் கேக்கறா. இவங்க வூட்ல குடுக்கறது இல்ல போல கீது."

பூசைக்கடைக்காரர் கையைக் கூப்பினார். "எங்க ஊரு எல்லையம்மனுக்குக் கூழு ஊத்திகினுதான் இருந்தோம். அடிவாரத்துல கடை வெச்சப்புறம், சுத்தபத்தமா இருக்கணும்னு, நான்தான் நிறுத்தினேன். கருவாட்டு வாசனை வூட்ல ஆகாதுன்னு நான்தான் நிறுத்தினேன் தாயே." நடுப்படியில் மகள் காலிலேயே விழுந்தார். டீச்சர் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து, இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வாசனையைக் கைகூப்பி வாங்கிக்கொண்டார். நீங்களும் கும்பிட்டீர்கள். என்மேல் இருந்தால் நாற்றம், அவள்மேல் வந்தால் ஆத்தா. சிரிக்க வேண்டியவர்கள் கும்பிட்டால் நான் என்ன செய்வது? படியில் உட்கார்ந்து அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று யாரோ என் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மறுநாள் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பூசைக்கடைக்காரரும் டீச்சரும் எங்கள் கடை வாசலுக்கு வந்தார்கள். கிருத்திகை முடியும்வரை சாத்திவைத்திருந்த கதவைத் தட்டினார்கள். நைனா வெளியே வந்து, அவர்களைப் பார்த்ததும், தன் சொந்த வாசலிலேயே பின்னால் நகர்ந்து நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "நீங்க அங்கயே நில்லுங்கன்னு சொல்லு நைனா, காத்து இந்தப் பக்கம் வீசுதுன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

அவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா மீனுன்னு ஆத்தா ஏதாச்சும் சொன்னாளா?"

"சொல்லல. ஆனா வாளை மாதிரிதான் இருந்தது" என்றார் டீச்சர். அவர் என் வேலையைச் சரியாக முகர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நைனா எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "ஆத்தாளுக்கு விக்கறதா?" என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல வாளையாகப் பொறுக்கிப் புதுக் கூடையில் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிற அன்று அதைத் தானே தலையில் வைத்துக்கொண்டு பூசைக்கடை வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சுத்த சைவ வீட்டு முற்றத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. அவள் அம்மா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாள். குமட்டலை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வயிறு குளிர்ந்தது. என் பழி இதோ பலித்தது என்று நினைத்தேன்.

அவளை மஞ்சள் புடவை கட்டி மனையில் உட்காரவைத்திருந்தார்கள். நைனா கூடையை இறக்கினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிவதற்குள் அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் நைனா. என் வயதுப் பெண்ணின் காலில். "ஜன்னல சாத்திடட்டுமா" என்றவள் காலில்.

"தாயே, எம்பொண்ண வெளிய உக்கார வெச்சிட்டாங்க. அது படிக்கிற புள்ள. நீதான் பாத்துக்கணும்."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தாளே கருவாடு கேட்டப்புறம் இன்னும் என்ன. நாளையிலிருந்து உள்ள வந்து உக்காரட்டும்" என்றார். அவள் குங்குமத்தை எடுத்து நைனா நெற்றியில் வைத்தாள். நைனா அழுதார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "பாத்தியா, உன்ன உள்ள வெச்சது அந்தத் தாயி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம், அது நான் நைனா, நம் கடை வாளை நைனா என்று. அவர் முகத்தைப் பார்த்தேன். வேப்பமரத்தடியிலிருந்து திரும்பியபோது இருந்த முகம் இல்லை அது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்புக்குள் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்றும் பூசவில்லை. வேண்டுமென்றே கடையில் கைவேலை செய்துவிட்டு, கையைக் கழுவாமல் போனேன். மூக்கைப் பிடிக்க அவளுக்கு வழி இல்லை. உங்களுக்கும் இல்லை. அந்த வருஷம் முழுக்க அப்படியே போனேன். ஆனால் நான் சண்டை போட்டு ஜெயித்த இடம் ஊர் கண்ணுக்கும் என் வீட்டார் கண்ணுக்கும் அவள் போட்ட பிச்சையாக இருந்தது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஆடியில் நைனா அவர்கள் வீட்டுக்கு ஒரு கூடை கொண்டுபோவார். நடக்க முடியாமல் போனபிறகு ஆட்டோவில் கொடுத்தனுப்பச் சொல்வார். நானும் அனுப்பினேன். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், சென்னையில் வீடு கட்டினேன். எல்லாவற்றுக்கும் அவர் கும்பிட்டது அவளைத்தான்.

பூசைக்கடைக்காரர் மகளே, இனி உன்னிடமே பேசிவிடுகிறேன். நீ இப்போது வீட்டிலேயே குறி சொல்கிறாயாம். இந்தக் குழுவில் வெள்ளிக்கிழமை தோறும் உன் படத்தைப் போடுகிறாய், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு. சின்ன வயதில் திருத்தணிப் படியில் ஆத்தா தன்மேல் இறங்கிய கதையை எத்தனை தடவை எழுதிவிட்டாய். கீழே இவர்கள் எல்லோரும் கைகூப்புகிற பொம்மை போடுகிறார்கள். நான் மட்டும் இத்தனை நாள் ஒன்றும் போட்டதில்லை. அதை நீ கவனித்திருக்கமாட்டாய்.

நைனா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது உன் கையால் குங்குமம் வேண்டும் என்றார். நான்தான் வந்து உன்னிடம் வாங்கிக்கொண்டு போனேன். என் கையால் அவர் நெற்றியில் வைத்தேன். "தாயி குடுத்தாளா?" என்று கேட்டார். "ஆங், குடுத்தா நைனா" என்றேன். இந்தப் பங்குனியில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தது. உன்னை அம்மனாக வைத்திருக்க எனக்கு இருந்த காரணம் அவர் ஒருத்தர்தான்.